இயந்திரத்துக்கும் ஆளுக்கும் நடுவே எத்தனை அடி?

ஆலங்குடி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பட்டா மாறுதலுக்கோ சாதிச் சான்றுக்கோ வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆதார், குடும்ப அட்டை, பழைய பத்திரம், வீட்டு வரி ரசீது என்று ஒரு பை நிறையக் காகிதம் கூடவே வரும். எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என்று வட்டத்தின் பல மூலைகளிலிருந்து பேருந்தேறி வந்தவருக்கு ஒரு நகல் குறைந்தால் அன்றைய பொழுதே வீண். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தப் பேரூராட்சி ஒரு வட்டத்தின் தலைநகரம். வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், நீதிமன்றம், வங்கிகள், இவற்றை நம்பிப் பிழைக்கும் ஜெராக்ஸ் கடைகள், பத்திர எழுத்தர்களின் மேசைகள், இ-சேவை மையங்கள் என்று ஊரின் ஒரு பகுதி காகிதத்தால் நடக்கிறது. எல்லாம் ஆன்லைனுக்குப் போனால் காகிதம் குறையும் என்றார்கள். 2018இல் பத்திரப்பதிவு இணையத்துக்கு மாறியது. பட்டாவும் சிட்டாவும் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் இணையத்தில் கிடைத்ததை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால்தான் மனசு ஆறுகிறது. பிரிண்டருக்கு ஓய்வில்லை.

அந்தப் பிரிண்டருக்குப் பக்கத்தில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டின் எந்த வட்டத் தலைநகரிலும் பார்க்கக்கூடிய பத்துக்குப் பத்துக் கடை ஒன்றை மனதில் கொள்வோம். வாசலை அடைத்தாற்போல் ஒரு கண்ணாடி மேசை. அதற்குப் பின்னால் பெரிய ஜெராக்ஸ் மெஷின், அதன் காற்றுத்துளை ஆப்பரேட்டரின் இடுப்பைப் பார்த்திருக்கும். பக்கவாட்டில் லேசர் பிரிண்டர், அதன்மேல் ஒரு ரீம் பேப்பர். ஓரத்தில் லேமினேஷன் மெஷின், ஸ்பைரல் பைண்டிங் போடும் கருவி, ஒரு கணினி. மேசைக்கடியில், கால் நீட்டும் இடத்தில், இன்வெர்ட்டரும் அதன் பேட்டரியும். சுவரில் இரண்டே பிளக் பாயின்ட். ஒன்றிலிருந்து கிளம்பும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சன்னல் இருந்த இடத்தில் விலைப்பட்டியல் ஒட்டிய பலகை. ஜூன் மாதம் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை வந்துவிட்டால் இந்த அறைக்குள் இரண்டு பேர் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். அரசு அலுவலகத்தின் உள்ளேயும் நிலைமை பெரிதும் வேறில்லை. அங்கே அறை பெரிது, கோப்புக் கட்டுகள் அதிகம், பிரிண்டர் மட்டும் அதே மாதிரி ஊழியரின் முழங்கைக்குப் பக்கத்தில்.

இது உடம்புக்குக் கெடுதலா? பதில் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிறது. மக்கள் அதிகம் பயப்படும் விஷயத்தில் ஆபத்து குறைவாகவும், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத இடத்தில் அதிகமாகவும் இருக்கிறது. வரிசைப்படுத்தச் சொன்னால் மின்சாரமும் தீயும் முதலில், காற்றில் பறக்கும் நுண்தூள் அடுத்து, நாற்காலியும் திரையும் அதற்கடுத்து, கதிர்வீச்சு கடைசியில் என்று வைக்கலாம்.

நுண்தூளிலிருந்து தொடங்கலாம். அதைப் பற்றி நம் மாநிலத்திலேயே நேராக ஆராய்ந்திருக்கிறார்கள்.

1938இல் நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் செய்து காட்டிய முறைதான் இன்றைக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்குள் நடக்கிறது. ஓர் உருளைமேல் மின்னேற்றம் ஏற்றப்படுகிறது. ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் போய்விடும், எழுத்து இருக்கும் இடத்தில் நிற்கும். அதில் டோனர் என்னும் கருந்தூள் ஒட்டுகிறது. தூள் காகிதத்துக்கு மாறி, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஃப்யூசர் உருளைகளுக்கு நடுவே நசுங்கி, உருகிப் பிடித்துக்கொள்கிறது. டோனர் என்பது மை கிடையாது. பிளாஸ்டிக் பிசினும் கார்பன் கறுப்பும் மெழுகும் சிலிக்காவும் சில வகைகளில் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த தூள். ஒரு துகளின் அகலம் 5 முதல் 10 மைக்ரான். சூடான காகிதம் வெளியே வரும்போது அடிக்கும் அந்த வாசனை, உருகிய பிசினிலிருந்து எழும் ஆவியும் மின்னேற்றத்தால் உண்டாகும் ஓசோனும் கலந்தது.

கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெராக்ஸ் கடை ஆப்பரேட்டர்களையே நேரில் பரிசோதித்து, 2013இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். 64 ஆண்கள், 17 பெண்கள் என்று 81 ஆப்பரேட்டர்கள். ஒப்பிடுவதற்கு, அதே பொருளாதார நிலையில் உள்ள, இந்த வேலை செய்யாத 43 பேர். கடைகளின் காற்றையும் அளந்தார்கள். ஓசோன், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஈயம் எல்லாம் இந்திய வரம்புக்குள்தான் இருந்தன. பிஎம் 10, பிஎம் 2.5 என்னும் நுண்துகள்கள் மட்டும் எல்லாக் கடைகளிலும் வரம்பைத் தாண்டியிருந்தன. மூக்கடைப்பு, இருமல், சளி, மூச்சுத் திணறல் இருப்பதாக ஆப்பரேட்டர்கள் சொன்னார்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருள்கள் கூடியிருந்தன, உடம்பின் எதிர்-ஆக்சிஜனேற்றத் திறன் குறைந்திருந்தது. நுரையீரலின் ஊதுதிறனைச் சோதித்தபோது மட்டும் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துச் சொன்னால் ஊரைப் பயமுறுத்தலாம். இதை மட்டும் எடுத்துச் சொன்னால் ஒன்றுமே இல்லை என்று கையைக் கழுவலாம். இரண்டும் நேர்மையாகாது. உள்ளே எரிச்சல் தொடங்கிவிட்டது, ஊதுதிறன் இன்னும் குறையவில்லை என்பதுதான் அந்த 81 பேரின் உடம்பு சொன்ன செய்தி. அதே காலத்தில் கோயம்புத்தூரிலும் அருகிலுள்ள சூலூரிலும் ஆப்பரேட்டர்களின் இரத்த செல்களில் மரபணுச் சேதத்தைத் தேடிய சிறு ஆய்வுகள் வெளிவந்தன. சேதம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்றே அவை கண்டன. ஆய்வுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை குறைவு, கடைகள் ஒரே வட்டாரத்தவை. ஆனாலும் தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்பவர்களின் உடம்பிலிருந்தே கிடைத்த சான்று என்பதால் இவற்றை ஒதுக்கித்தள்ள முடியாது.

வெளிநாட்டு ஆய்வுகள் சித்திரத்தை இன்னும் தெளிவாக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லிடியா மொராவ்ஸ்காவின் குழு 2007இல் ஓர் அலுவலகக் கட்டடத்திலிருந்த 62 லேசர் பிரிண்டர்களை அளந்தது. 37 பிரிண்டர்கள் துகள் எதையும் வெளிவிடவில்லை. 17 பிரிண்டர்கள் மிக அதிகமாக வெளிவிட்டன. ஆக, எல்லாப் பிரிண்டரும் ஒன்றல்ல, எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காற்றில் கலப்பது டோனர் தூள்தான் என்று முதலில் நினைத்தார்கள். தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஃப்யூசர் சூட்டில் காகிதமும் டோனரும் வெளிவிடும் ஆவி குளிர்ந்து நுண்ணிய துளிகளாக மாறுவது பெரும்பங்கு என்று தெரிந்தது. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழான அளவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உடல்நலமுள்ள ஒன்பது தன்னார்வலர்களை வேலை மும்முரமாக நடக்கும் நகலகம் ஒன்றில் ஆறு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மூக்கைக் கழுவியெடுத்த நீரில் அழற்சிப் பொருள்கள் கூடியிருந்தன. ஜெர்மனியின் மியூனிக்கில் கட்டுப்பாடான அறையில், ஆஸ்துமாக்காரர்களையும் சேர்த்து, லேசர் பிரிண்டர் வெளிவிடும் காற்றைச் சுவாசிக்கவைத்த சோதனை வேறு மாதிரி முடிந்தது. சின்னச்சின்ன மாற்றங்கள்தான் தெரிந்தன. ஆனால் அது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய சோதனை. ஆலங்குடிக் கடையின் பத்து மணி நேரத்தையும் பத்து வருடத்தையும் எந்தச் சோதனை அறையும் நடித்துக்காட்ட முடியாது.

டோனரின் உள்ளடக்கத்தில் ஒரு பழைய எச்சரிக்கையும் உண்டு. 1980இல் சில கார்பன் கறுப்பு வகைகளிலும் அவற்றால் செய்த டோனரிலும் நைட்ரோபைரீன் என்னும் மரபணுவைச் சிதைக்கக்கூடிய அசுத்தம் இருப்பது அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் செய்முறையை மாற்றினார்கள். இன்று நிறுவனங்கள் விற்கும் டோனரில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் சிறு ஊர்க் கடைகளில் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்குவது அபூர்வம், ரீஃபில்தான். பாட்டிலில் வரும் தூள் எந்த ஆலையில் எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்று பாட்டிலின்மேல் எழுதியிருப்பதில்லை.

ரீஃபில் செய்யும் அந்தப் பத்து நிமிடத்தைக் கிட்டத்திலிருந்து பார்ப்பது நல்லது. பழைய கார்ட்ரிட்ஜைத் திருகாணி கழற்றிப் பிரிக்கிறார்கள். கழிவுத்தூள் சேர்ந்திருக்கும் அறையை ஒரு பழைய செய்தித்தாள்மேல் தட்டுகிறார்கள். ஒட்டியிருப்பதை வாயால் ஊதுகிறார்கள், அல்லது ப்ளோயரைக் காட்டுகிறார்கள். ஒரு கறுப்பு மேகம் எழுந்து சுவரிலும் சட்டையிலும் மூக்கிலும் படிகிறது. புதுத்தூளைக் கொட்டி மூடுகிறார்கள். கையை வெந்நீரில் கழுவினால் பிசின் இளகி இன்னும் ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீர்தான் சரி. ப்ளோயருக்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தால் தூள் பறக்காது. வீட்டு வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம். தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி மறுபக்கம் வந்துவிடும், உள்ளே மின்பொறி பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். ஒரு முகக்கவசமும் ஈரத்துணியும் கடைக்கு வெளியே நாலடி திறந்தவெளியும் போதும். நாள் முழுக்கச் சுவாசிக்கும் காற்றைவிட இந்தப் பத்து நிமிடம் சில ஆப்பரேட்டர்களுக்கு அதிகத் தூளைக் கொடுக்கக்கூடும் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஓசோன் வேறு கதை. உயர்மின்னழுத்தக் கம்பியால் மின்னேற்றிய பழைய இயந்திரங்கள் ஓசோனைத் தாராளமாக வெளிவிட்டன. ரப்பர் உருளையால் மின்னேற்றும் புதியவற்றில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. பழையவற்றில் கரி வடிகட்டி இருக்கும், அதைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய சிக்கல். மேலை நாட்டு அலுவலகங்கள் கழித்துப்போட்ட பெரிய இயந்திரங்கள் கப்பலில் வந்து, தட்டிக்கொட்டிச் சரிசெய்யப்பட்டு, ஊர் ஊராக விற்கப்படுகின்றன. இந்தப் பழைய பல்பயன் இயந்திரங்களின் இறக்குமதி உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஜனவரியில் தீர்ப்பும் வந்தது. வழக்கு சுங்கத்தையும் கழிவு விதிகளையும் பற்றியது. அந்த இயந்திரத்தின் வடிகட்டி மாற்றப்பட்டதா என்பதை எந்தத் துறைமுகமும் பார்ப்பதில்லை. அடிக்கடி வடிகட்டி மாற்றப்படாத பழைய மெஷின் ஓடும் அறையில் தொண்டைக் கரகரப்பும் தலைவலியும் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மின்சாரத்துக்கும் தீக்கும் வருவோம். நகல் இயந்திரத்துக்கும் தீக்கும் உறவு பிறவியிலேயே உண்டு. 1959இல் சந்தைக்கு வந்த ஜெராக்ஸ் 914, சாதாரணக் காகிதத்தில் நகலெடுத்து வெற்றி பெற்ற முதல் அலுவலக இயந்திரம். காகிதம் உள்ளே சிக்கிக் கருகித் தீப்பிடிக்கும் வழக்கம் அதற்கு இருந்ததால், நிறுவனமே ஒரு தீயணைப்பானைக் கூட அனுப்பியது. தன் அலுவலகத்து 914 நான்கு மாதத்தில் மூன்று முறை தீப்பிடித்ததாக நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் புகார் சொன்னார். இன்றைய இயந்திரங்கள் அப்படி எரிவதில்லை. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் வயர்தான் எரிகிறது. லேசர் பிரிண்டர் சும்மா நிற்கும்போது சில வாட் மட்டுமே எடுக்கும். ஃப்யூசர் சூடேறும் நொடிகளில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு இழுக்கும். மூன்று இயந்திரம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து, மூன்றும் ஒரே நேரத்தில் சூடேறினால், மெல்லிய வயர் உள்ளுக்குள் இளகத் தொடங்கும். பிளக் தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் பழுப்பேறுகிறது என்றால் வயர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது என்று பொருள். பக்கத்திலேயே காகிதக் கட்டு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

2012 ஜனவரியில் பொங்கலையொட்டிச் சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் கலச மகாலில் பிடித்த தீயைத் தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சேப்பாக்கம் அரண்மனையின் பகுதி அது. உள்ளே அரசு அலுவலகங்கள், மரக்கூரை, அடுக்கடுக்காகக் கோப்புகள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கோட்டத் தீயணைப்பு அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களுடன் உயிர் தப்பினார். கட்டடத்தை மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. காகிதம் நிறைந்த பழைய கட்டடத்தில் தீ எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வட்ட அளவிலான அலுவலகங்கள் பலவற்றிலும் பதிவறை இருக்கிறது, அந்தப் பதிவறைக்குள்ளேயே பழைய யுபிஎஸ் ஒன்றும் இருக்கிறது.

பேட்டரி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டு, கடைக்குக் கடை இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து சேர்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி வட்டாரத்தின் தென்னையோடும் பலாவோடும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. நாள்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத அந்த அனுபவத்துக்குப் பிறகு இன்வெர்ட்டர் இல்லாத கடையை நினைத்துப் பார்க்க முடியாது. அதில் பூட்டியிருக்கும் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனம், உள்ளே கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும் வாயு அது. திறந்த இடத்தில் வைத்தால் தானே கலைந்துபோகும். அட்டைப்பெட்டிகளை அண்டக்கொடுத்து மேசைக்கடியில் மூடி வைத்தால் போக வழியில்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்த பழைய பேட்டரி, அழுகிய முட்டை நாற்றத்தில் ஒரு வாயுவை விடும். அது ஹைட்ரஜன் சல்பைடு. அந்த நாற்றம் வந்தால் சாக்கடை என்று நினைத்து ஊதுவத்தி ஏற்றுகிறவர்கள் உண்டு. ஏற்றக்கூடாத இடத்தில் ஏற்றும் நெருப்பு அது. முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, கதவைத் திறந்துவிட வேண்டும்.

தீப்பிடித்தால் தண்ணீர் வாளியைத் தூக்குவது இயல்பு. மின்சாரத் தீயில் அது ஆளையே அடிக்கும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் கணினிக்கும் பிரிண்டருக்கும் ஏற்றது. ஏபிசி தூள் வகையும் அணைக்கும், ஆனால் இயந்திரத்தைத் துடைத்தெடுப்பது கடினம். கடைக்காரரின் தயக்கம் புரிகிறது, சின்னக் கடைக்கு அந்தச் சிலிண்டரின் விலையும் ஒரு செலவு. குறைந்தபட்சம் எம்சிபி சுவிட்சை எட்டி அணைக்கும்படி காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் மறைக்காமல் வைக்கலாம். அதற்குக் காசு ஆகாது.

ஏசி அறை பாதுகாப்பானது என்று ஒரு நினைப்பு. வெளித்தூசிக்கு அது உண்மை. உள்தூசிக்கு நேர்மாறு. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. கதவைச் சாத்திய அறையில் பிரிண்டர் விட்ட துகளும் பக்கத்து மேசைக்காரரின் இருமலும் அங்கேயே சுற்றும். காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில், கொரோனாவைப் பார்த்த பிறகும், அலுவலகக் கட்டடங்களில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்கூட வைக்காமல் ஏசி மாட்டுவது வருந்தத்தக்கது.

நாற்காலியின் கதை முந்நூறு வருடப் பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் விரித்தெழுதியபோது எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைப்பது, தப்பு வந்துவிடுமோ என்ற மனவிசாரம், இந்த மூன்றும் அவர்களை வாட்டுவதாகக் கண்டார். இறகுபேனா போய் டைப்ரைட்டர் வந்து, அதுவும் போய்க் கீபோர்டு வந்தாயிற்று. மூன்று காரணமும் அப்படியே இருக்கின்றன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதுகை நிமிர்த்து, மணிக்கட்டைத் தாழ்த்தாதே என்று கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. சாப்பாட்டு ஹோட்டல் பிளாஸ்டிக் நாற்காலியில், லேப்டாப்பைத் தாழ்ந்த பெஞ்சில் வைத்துக் குனிந்து அடிக்கும் இன்றைய இளைஞருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரவேண்டும், திரை ஒரு கை தூரத்தில் இருக்கவேண்டும், பாதம் தரையில் படவேண்டும். பிரிக்காத இரண்டு ரீம் பேப்பரை மானிட்டருக்கு அடியில் வைத்தாலே பாதிக் கழுத்துவலி போய்விடும்.

கண்ணெரிச்சலுக்கான காரணத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இல் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். 104 அலுவலக ஊழியர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை கண் சிமிட்டினார்கள், புத்தகம் படிக்கும்போது 10, திரையைப் பார்க்கும்போது 7. சிமிட்டாத கண் காய்கிறது, ஏசி காற்று நேரே அடித்தால் இன்னும் காய்கிறது. இதற்கு நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, அந்தக் கண்ணாடியால் கண்சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம்.

கதிர்வீச்சு பயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1980ஐ ஒட்டிக் கனடாவின் டொரன்டோ ஸ்டார் நாளிதழில் கணினித் திரைமுன் வேலை செய்த நான்கு பெண்களுக்குக் குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்தபோது உலகம் முழுக்க அச்சம் பரவியது. அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் தொலைபேசி ஆப்பரேட்டர்களிடம் விரிவாக ஆராய்ந்து, திரைக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பில்லை என்று 1991இல் முடிவு சொன்னது. அந்தப் பழைய பெட்டித் திரைகளே இன்று இல்லை. வைஃபை ரூட்டரின் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கர்ப்பிணி ஊழியரை ரூட்டர் பக்கத்திலிருந்து மாற்றச் சொல்லி வாதாடும் குடும்பம், அவரை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கும்.

இத்தனைக்கும் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் பிரிண்டர் விற்க இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். அது மின்னதிர்ச்சி, தீ ஆகியவற்றைப் பார்க்கிறது. வெளிவிடும் துகளைப் பார்ப்பதில்லை. ஜெர்மனியின் நீலத் தேவதை முத்திரை 2013 முதல் நுண்துகள் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கிறது. அந்த முத்திரை பெற்ற மாடல்கள் இங்கேயும் விற்கின்றன. அரசுக் கொள்முதல் டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் அலுவலகங்களுக்கு அவையே வரும்.

வேலையிடத்தைப் பற்றிய சட்டங்களில்தான் பெரிய ஓட்டை. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம், தீத்தடுப்பு எல்லாவற்றையும் கடைக்காரரிடம் கேட்கிறது. 2021இல் அதில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கடை ஊழியர் அனைவருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்ற பிரிவு அது. கேரளத்துக்கு அடுத்து அதைச் செய்தது தமிழ்நாடு. ஜெராக்ஸ் கடைக்கும் அது பொருந்தும். ஆனால் அரசு அலுவலகங்களும் உள்ளாட்சி அலுவலகங்களும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைத்தான் பொதுவாகப் பார்க்கிறது. இரண்டு பேர் நிற்கும் கடை அதில் வராது. மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஒரு விலக்கு மட்டும் உண்டு. ஒப்பந்ததாரர் வழியாக அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும். ஒரே அறையில், ஒரே பிரிண்டருக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் ஒப்பந்த டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டருக்கும் நிரந்தர இளநிலை உதவியாளருக்கும் காகிதத்தில் இரண்டு விதப் பாதுகாப்பு. நிரந்தர வேலைக்காரர்தான் இதில் குறைவாகப் பெற்றவர். ஊழியர் சங்கங்கள் ஊதியக்குழுவையும் ஓய்வூதியத்தையும் பேசும் மேடையில் இதையும் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க அவசியமில்லாத தீர்வு ஒன்று உண்டு. தூரம். துகளின் அடர்த்தி இயந்திரத்தின் காற்றுத்துளைக்கு அருகே மிக அதிகம், தள்ளத் தள்ளக் காற்றில் கலந்து குறைகிறது. அலுவலகப் பிரிண்டரை ஊழியரின் மேசையிலிருந்து எடுத்து, வராந்தாவை ஒட்டிய சன்னலோரத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் இரண்டு நன்மை. துகள் வெளியே போகும், நகலெடுக்க எழுந்து நடக்கிறவருக்கு முதுகும் கண்ணும் ஓய்வு பெறும். சின்னக் கடையில் அவ்வளவு இடமில்லைதான். அங்கே இயந்திரத்தின் காற்றுத்துளை ஆளைப் பார்க்காமல் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்கலாம், எதிர்ச்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம். பேட்டரியை மேசைக்கடியிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள மூலையில் காகிதம் படாமல் வைக்கலாம்.

மருத்துவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆலங்குடி அரசு மருத்துவமனைக்கு விடாத இருமலோடு வருகிறவரிடம் புகை பிடிப்பீர்களா, வீட்டில் விறகடுப்பா என்று கேட்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் நோயாளியிடம் கேட்கவேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அந்த ராமஸ்ஸினிதான். ஜெராக்ஸ் கடை என்று பதில் வந்தால் எத்தனை வருடமாக, ரீஃபில் யார் செய்கிறார்கள் என்று அடுத்த கேள்வியும் வரவேண்டும். கோயம்புத்தூரில் 81 பேரிடம் தொடங்கிய ஆய்வைப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இந்த மாவட்டத்தில் தொடரலாம். ஊதுதிறனை அளக்கும் கருவி அங்கே இருக்கிறது, ஆப்பரேட்டர்கள் ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் இருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து அதே ஆள்களை மீண்டும் சோதித்தால், கோயம்புத்தூர் ஆய்வு திறந்துவைத்த கேள்விக்கு விடை கிடைக்கும்.

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைக்குக் கடை போய் 22-ஏ பிரிவின்படி நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் பெற்றவர்கள். அவர்களின் ஆய்வுப் படிவத்தில் இன்னும் மூன்று வரி சேர்க்க புதுச் சட்டம் தேவையில்லை, காற்றோட்டமும் தீத்தடுப்பும் பழைய சட்டத்திலேயே இருக்கின்றன. இயந்திரத்தின் காற்றுத்துளைக்கும் ஆப்பரேட்டரின் முகத்துக்கும் இடையே எத்தனை அடி? பேட்டரிக்குக் காற்று வரும் வழி எங்கே? கழிவு டோனரை யார், எங்கே வைத்துத் தட்டுகிறார்கள்?